களைத்துப்போன போதகர் எங்கே போய் இளைப்பாறுவது?

கேள்வி: "ஐயா, எனக்கு 41 வயது. 12 வருஷமாகச் சின்ன ஊர் ஒன்றில் சபை நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, காணிக்கைதான். கொஞ்ச நாளாகப் பிரசங்கம் செய்யும்போது வாய் பேசுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. போன் அடித்தாலே எரிச்சலாக இருக்கிறது. மற்றவர்களுக்கு 'கர்த்தரிடத்தில் இளைப்பாறுங்கள்' என்று சொல்கிறேன். எனக்கு அது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?"

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போனவருக்கு இந்தத் தவிப்பு இருக்காது. நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒரேமாதிரிதான் தெரியும்: ஜெபம் குறைந்திருக்கும், முகம் வாடியிருக்கும், கூட்டத்துக்கு வர மனம் இருக்காது. ஆனால் மருந்து வேறு. பின்வாங்கினவர் மனந்திரும்ப வேண்டும். களைத்தவரைப் பிடித்து "மனந்திரும்பு, இன்னும் மூன்று நாள் உபவாசம் இரு" என்றால், ஏற்கெனவே தள்ளாடுகிறவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றியதாகும். நம் ஊழியர் கூட்டங்களில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நான் 34 வருஷம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். உங்களுடையது சுயாதீன சபை, நான் இருந்தது பேராயரின் கீழ் இயங்கும் டயோசிஸ் சபை. எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, உங்களுக்கு இல்லை. அந்த வித்தியாசம் சின்னதில்லை, அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வெறுமை எனக்கும் வந்தது. என் ஊழியத்தின் 14-ஆம் வருஷம். ஒரு சேகரத்தில் 11 கிராமங்கள், ஒரே ஆள் நான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்கள் முழுக்க தினமும் ஒரு கிராமத்தில் கூட்டம். பெரிய வெள்ளி அன்று மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன மூன்றாவது வார்த்தையைப் பற்றிப் பேச எழுந்து நின்றேன். மனசில் ஒன்றுமே இல்லை. பழைய குறிப்பு ஒன்றை எடுத்து வாசித்து முடித்தேன். சபையார் யாருக்கும் தெரியாது, "இன்றைக்கு நல்ல செய்தி ஐயா" என்று இரண்டு பேர் சொல்லவும் செய்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டும் என்ற நினைப்பே பயமாக இருந்தது.

பண்டிகை முடிந்த மறுநாள், ஓய்வுபெற்ற ஒரு மூத்த போதகர் எதேச்சையாக வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். "நாளைக்கு என்னோடு வா" என்றார், அவ்வளவுதான். அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. கிணறு, பம்ப்செட், நாலு தென்னை, ஒரு ஓட்டு வீடு. அங்கே நாலு நாள் இருந்தேன். முதல் இரண்டு நாளும் தூங்கினேன். அவர் கஞ்சியும் துவையலும் வைத்துக் கொடுத்தார். வேதத்தைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு, என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: குருப்பட்ட ஆராதனையில் பேராயர் கைவைத்த நாளுக்குப் பிறகு, 14 வருஷத்தில் ஒருவர்கூட என் தலையில் கைவைத்து ஜெபித்ததில்லை. நான்தான் எல்லாருக்கும் வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது இதுதான். மேய்ப்பர்களாகிய நாம் ஆடுகளாகவும் இருக்கிறோம் என்பதை மறந்துபோகிறோம். 23-ஆம் சங்கீதத்தை நாம் எத்தனை அடக்க ஆராதனைகளில் வாசித்திருப்போம்! அதைப் பாடின தாவீது தொழிலால் மேய்ப்பன். ஆனால் அந்தப் பாட்டில் அவன் யாரையும் மேய்க்கவில்லை. புல்லுள்ள இடத்தில் அவன் மேய்க்கப்படுகிறான், அமர்ந்த தண்ணீர் அண்டையில் அவன் கொண்டுபோய் விடப்படுகிறான். ஊழியக்காரருக்கு இளைப்பாறுதல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது: கொடுக்கிற கையை மடக்கி வைத்துவிட்டு, வாங்குகிறவராக உட்காருவதில்.

1 இராஜாக்கள் 19-ஐ நீங்களே பலமுறை பிரசங்கித்திருப்பீர்கள். இப்போது பிரசங்கக் குறிப்பு எடுக்காமல் ஒரு தடவை வாசியுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியாகிவிட்டது, மழையும் வந்தாயிற்று, ஆகாப் ராஜாவின் இரதத்துக்கு முன்னால் எலியா தீர்க்கதரிசி ஓடியும் ஆயிற்று. அதற்கு அடுத்தபடிதான் அவன் விழுகிறான். தோல்வியில் விழவில்லை, பெரிய வெற்றிக்கு மறுநாள் விழுகிறான். நமக்கும் கன்வென்ஷன் முடிந்த வாரத்திலும், கிறிஸ்துமஸ் பவனி, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை எல்லாம் முடிந்த ஜனவரி முதல் வாரத்திலும்தான் இது வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? ஆகாபின் மனைவி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு எலியா பெயெர்செபா வரை ஓடுகிறான். யெஸ்ரயேலில் இருந்து அது ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே அவன் செய்கிற ஒரு காரியத்தை நாம் வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம்: கூட இருந்த வேலைக்காரனை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறான். களைப்பு முதலில் செய்கிற வேலை அதுதான், கூட இருப்பவரை விலக்கும். அப்புறம் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான்.

தேவன் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. அவனைத் தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தூதன் சொல்வது இரண்டாம் சாப்பாட்டின்போதுதான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கும் 40 நாள் கழித்து, ஓரேப் மலையில் வருகிறது. அங்கேயும் அவன் "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று புலம்புகிறதை இரண்டு தடவை முழுசாகக் கேட்டபிறகுதான், உன்னைத் தவிர 7,000 பேர் இருக்கிறார்கள் என்கிறார், எலிசா என்ற ஓர் ஆளையும் காட்டுகிறார். தூக்கம், சாப்பாடு, நடை, மனம் திறந்து பேச இடம், கூட ஓர் ஆள். தேவன் எடுத்துக்கொண்ட வரிசை அது. நாம் தலைகீழாகப் போய், முதல் நாளே மலை உச்சியில் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஆகவே முதலில் தூக்கம். 127-ஆம் சங்கீதத்தில் "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று இருக்கிறது. தூங்கப் போவதும் விசுவாசம்தான். நான் கண்ணை மூடினாலும் சபையைக் காக்கிறவர் விழித்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிற செயல் அது. சனிக்கிழமை இரவு ஒரு மணிக்குக் குறிப்பு எழுதுகிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். முடியாத வாரத்தில் ஒரு பழைய பிரசங்கத்தைத் திரும்ப எடுங்கள், பாவமில்லை. சபையார் எதிர்பார்ப்பது புதுச் செய்தியைவிடத் தூங்கி எழுந்த ஒரு போதகரை.

அடுத்து போன். இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் ஜெபக் குறிப்பு வரும், பதில் போடாவிட்டால் "பாஸ்டர் பார்த்துவிட்டும் பேசவில்லை" என்று வருத்தம் வரும். இதை நீங்கள் ஒருவரே சுமக்க முடியாது. யாத்திராகமம் 18-இல் எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் சொன்னதை நினையுங்கள்: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். செய்கிற வேலை பரிசுத்தமானதுதான், ஆனாலும் நல்லதல்ல, ஏனென்றால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள். உங்கள் சபையில் நிதானமான இரண்டு மூப்பர்கள் இருப்பார்கள், ஜெபிக்கிற ஒரு தாயார் இருப்பார். இரவு ஒன்பதுக்கு மேல் அவசர அழைப்புகள் அவர்களில் ஒருவருக்குப் போகட்டும். மரணம், விபத்து, ஆஸ்பத்திரி என்றால் அவர்கள் உங்களை எழுப்புவார்கள். மற்றவை காலை வரை காத்திருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும். நமக்கு ஞாயிறு ஓய்வுநாள் கிடையாது, அன்றுதான் நம் உச்ச வேலை. பல போதகர்கள் திங்கட்கிழமையை எடுக்கிறார்கள். நான் திங்கள் எடுத்துப் பார்த்தேன், உடம்பு மட்டும் கிடந்தது, மனசு முந்தின நாள் பிரசங்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கு மாற்றின பிறகுதான் அது ஓய்வாக ஆனது. உங்களுக்கு எது பொருந்துகிறதோ பாருங்கள்.

சரி, இப்போது பணம். "ஐயா, நான் ஒரு ஞாயிறு போகாவிட்டால் காணிக்கை குறையும், வாடகை யார் கட்டுவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முற்றிலும் நியாயமான பயம். டயோசிஸ் சபைகளில் விடுப்பு என்று ஒன்று ஏட்டிலாவது இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து நன்றாகவே நடந்த ஒரு வழி, பக்கத்து ஊர்ப் போதகரோடு மாற்று வைத்துக்கொள்வது. இந்த மாதம் ஒரு ஞாயிறு அவர் உங்கள் சபையில் பிரசங்கிக்கட்டும், காணிக்கை உங்கள் சபைக்கே. அடுத்த மாதம் நீங்கள் அவருக்கு. இதற்குத் தடை பெரும்பாலும் பணமாக இருப்பதில்லை. "என் ஆடுகளை அவர் இழுத்துக்கொள்வாரோ" என்ற பயம்தான் தடை. இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை, நம் ஊர்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரை, முடிந்தால் 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரைத் தேடுங்கள்.

அப்படிக் கிடைக்கிற ஞாயிறு வீட்டில் படுத்திருக்காதீர்கள். உங்களை யாருக்கும் தெரியாத ஒரு சபைக்கு மனைவி பிள்ளைகளோடு போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். மேடைக்கு அழைத்து "ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்பார்களே, அது நடக்காத இடமாக இருக்கட்டும். யாரோ ஒருவர் பிரசங்கிப்பதை, இதை நான் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று எடைபோடாமல் கேளுங்கள். திருவிருந்து இருந்தால் முழங்காலிட்டு, இன்னொருவர் கையிலிருந்து அப்பத்தை வாங்குங்கள். 12 வருஷமாக எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் வாங்கியது எத்தனை தடவை? என் அனுபவத்தில் பத்து ஊழியர் மாநாடுகள் செய்யாததை அந்த ஒரு துண்டு அப்பம் செய்தது.

எந்த இடத்துக்குப் போவது என்று பலர் கேட்கிறார்கள். ஊர் முக்கியம் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் இடம் மாறினால் உதவும். மதுரையில் உழைத்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். இன்றைக்குச் சுற்றுலாத் தலமாகத் தெரிகிற அந்த ஊர், பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் தேடிப் போன ஓய்விடம். நம் மக்களே நம் மண்ணுக்கு ஏற்றபடி அமைத்தவையும் உண்டு. திருப்பத்தூரில் 1921-இல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அழைத்தார்கள். இருவரும் மருத்துவர்கள், வைத்தியமும் ஜெபமும் ஒரே வளாகத்தில் நடந்தன. கோயில் கட்டடக்கலைப்படி அமைந்த அங்குள்ள ஜெபாலயத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாலே மனசு அடங்கும். குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் கத்தோலிக்க ஆசிரமம். அங்குள்ள வழிபாட்டு முறை உங்கள் பின்னணியில் இருப்பவர்களுக்குப் பழக்கமில்லாததாக, சிலருக்கு ஏற்க முடியாததாகக்கூட இருக்கலாம். அந்த ஆற்றங்கரை அமைதியைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இதெல்லாம் தூரம் என்றால், மாமனார் வீட்டுத் தோட்டம் போதும். "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று இயேசு சீஷர்களை அழைத்ததற்கு மாற்கு சொல்லும் காரணம், சாப்பிடக்கூட அவர்களுக்குச் சமயம் இல்லை என்பதுதான். அத்தனை சாதாரணமான காரணம்.

இந்த இடத்தில் யாராவது டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் டோனாவூரிலேயே மறைந்தார். 55 வருஷம் தாய்நாட்டுக்கு விடுமுறையில் போகவே இல்லை. "பார், ஓய்வில்லாத ஊழியம்!" என்று மேடையில் முழங்குவோம். அதே அம்மையார் மேற்கு மலைக்காட்டில் ஒரு நிலம் வாங்கி, அங்கே வீடு கட்டி, வெயில் காலத்தில் தான் வளர்த்த பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் கூட்டிக்கொண்டு போனதை நாம் சொல்வதில்லை. அவர் நாடு திரும்பவில்லை, ஆனால் காட்டருவிக்குப் போனார். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி 20 வருஷமும் பெரும்பாலும் படுக்கையில் இருந்தார். தன் அறையை விட்டு அதிகம் வெளியே வராத அந்தக் காலத்திலும் எழுதினார், வந்தவர்களை ஆற்றினார். அவரைச் சாட்டையாக எடுத்து ஒருவரையொருவர் அடிப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

ஜெபம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராதபோது உங்கள் சொந்த வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம், இரவல் வாங்குங்கள். சங்கீதங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. 42-ஆம் சங்கீதத்தில் சங்கீதக்காரன் தேவனோடு பேச முடியாமல் தன் ஆத்துமாவோடு பேசுகிறான்: "நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" 88-ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமலே முடிந்துவிடுகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, வாய்விட்டு, மெதுவாக. பிரசங்கத்துக்கு ஆகும் என்று ஒரு வரி மனசில் பொறி தட்டினால் எழுதி வைக்காதீர்கள், விட்டுவிடுங்கள். அந்த வரி இப்போதைக்கு உங்களுக்கு மட்டும். முடித்ததும் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், பரவாயில்லை.

இன்னொன்று, ஒரு மனிதர் வேண்டும். 2 கொரிந்தியர் 7-இல் பவுல் தன் நிலைமையை ஒளிக்காமல் எழுதுகிறார்: சரீரத்துக்கு இளைப்பாறுதல் இல்லை, புறம்பே போராட்டங்கள், உள்ளே பயங்கள். அப்புறம், "சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்" என்கிறார். மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்ட பவுலுக்கு, தேவன் அனுப்பின ஆறுதல் ஒரு சிநேகிதன் வாசலில் வந்து நின்றது. உங்கள் தீத்து யார்? உங்கள் சபையைச் சேர்ந்தவராக இல்லாமல் இருப்பது நல்லது. வாய் இறுக்கமுள்ளவராக இருக்க வேண்டும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "ஸ்தோத்திரம், கர்த்தர் நடத்துகிறார்" என்று நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அது சரி, தூங்கினீர்களா?" என்று மறுபடி கேட்கிறவராக இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை போய் டீ குடித்துப் பேசிவிட்டு வாருங்கள்.

டாக்டரையும் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, இவையெல்லாம் ஆவிக்குரிய வறட்சிபோலவே வேஷம் போடும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலையால் வரும் இந்தத் தேய்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோவது, என்னால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. இன்னும் ஆழமாக, வாழவே வேண்டாம் என்று எலியாவைப்போல நினைப்பு வருகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். 14416 என்பது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். விசுவாசி எப்படி மனநல மருத்துவரிடம் போவது என்று கூச்சமாக இருந்தால் லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனை நினையுங்கள். 1856-இல், அவருக்கு 22 வயது. அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று கத்தியதில் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அந்த அடி அவரை விட்டுப் போகவே இல்லை; மனச்சோர்வோடு வாழ்நாள் முழுக்கப் போராடினார், அதை மாணவர்களிடம் வெளிப்படையாகவும் பேசினார். பிற்காலத்தில் குளிர்காலம் வந்தால் பிரான்சின் மென்டோன் கடற்கரைக்குப் போய் ஓய்வெடுப்பார். ஆயிரக்கணக்கானோர் கூடுகிற சபையை விட்டுவிட்டுத்தான் போனார்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. பாஸ்டரம்மா என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தச் சகோதரியும் 12 வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டு, ஞாயிறு பள்ளி எடுத்து, காணிக்கை குறைந்த மாதத்தைச் சமாளித்திருப்பார். அவருக்குப் போதகர் யார்? நீங்கள் அவருக்குக் கணவர். போதகராகவும் இருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மனம் விட்டுப் பேச அவருக்கும் ஒருவர் வேண்டும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் இன்று இரவே காட்டுங்கள். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சபையிடம் என்ன சொல்வது? மேடையில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதலில் மூப்பர்கள் இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், "நான் களைத்திருக்கிறேன். வரும் மாதம் இரண்டு வாரம் ஓய்வெடுக்கப் போகிறேன். இன்ன சகோதரர் பிரசங்கிப்பார். எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள், அது போதும். சொல்லி முடித்ததும் அங்கேயே முழங்காலிட்டு, அந்த மூப்பர்களை உங்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கை நடுங்கும். பாஸ்டருக்கு நாம் எப்படி ஜெபிப்பது என்று தயங்குவார்கள். கொஞ்சம் காத்திருங்கள், வைப்பார்கள்.